உயிரோடிருந்த அண்ணனுக்கு நான் செய்த கருமாதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல ஆண்டுகள் தயங்கினேன். அண்ணார் இருந்தவரை துணிவு வரவில்லை. அவருடைய முதலாம் ஆண்டு திதிக்கு நினைவு மலர் அச்சுப் போடுவதென்று முடிவான பிறகும் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எட்டாவது வரை படித்தவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணார் உத்திரமேரூரை அடுத்த எங்கள் கிராமத்தில் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தார். தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட, ஏர் பிடித்து என்னை வளர்த்தவர் அவரே. குத்தகைக்காரர்கள் எல்லோரும் விளைந்த பயிரை விட்டு வெளியேற வேண்டும் என்று நிலக்காரர் சொன்னபோது, உழுதவன்தான் அறுப்பான் என்று முதல் அரிவாளோடு வயலில் இறங்கியவரும் அவரே. ஊரே பின்னால் இறங்கியது. அன்று நிலக்காரரின் வைக்கோல் போர் எரிந்தது. எரித்தது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழக்கு அண்ணார் மேல் விழுந்தது. பிடிபட்டால் உயிரோடு திரும்பமாட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் அவருடைய துண்டும் செருப்பும் ஏரி மதகருகே கிடந்தன. மூழ்கிவிட்டார் என்று ஊர் அழுதது. மூன்றாம் நாள், உத்திரமேரூரில் அரிசி மண்டி வைத்திருந்த பாய் என்னைத் தனியே அழைத்து, அண்ணார் ஏரியை நீந்திக் கடந்து தம் கிடங்கில் ஒளிந்திருப்பதாகச் சொன்னார். சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. தினமும் வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் அன்று காலையில்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்: "செத்துட்டான்றீங்கோ. காரியத்துக்கு ஒண்ணும் ஏற்பாடு காணோமே, இன்னா விஷயம்?"

அண்ணியாரிடம் மட்டும் சொன்னேன். கழுத்திலிருந்த தாலிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பண்ணிடு தம்பி. கவுறுதானே அறுக்கப் போறாங்கோ. அவரு கழுத்து தப்புனா போதும்" என்றார்.

உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல் தர்ப்பையால் உருவம் செய்து கொள்ளி வைத்தேன். பதினாறாம் நாள் மொட்டையடித்து ஏரிக்கரையில் பிண்டம் போட்டேன். அறுக்க வந்த பெண்களிடம் அண்ணியார் தாலியைத் தாமே கழற்றிக் கொடுத்தார். உயிரோடிருப்பவர் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, எமனை நானே அழைத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பதறினேன். அண்ணியார் பதினோரு மாதம் பொட்டில்லாமல் இருந்தார். கல்யாண வீட்டுப் பெண்கள் அவரைக் கண்டு ஒதுங்கினார்கள். அப்போதும் அவர் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

சாட்சி சொல்ல ஆளில்லாமல் வழக்கு முடிந்தது. அண்ணார் ஊருக்குள் நடந்து வந்தபோது, அம்மனே ஏரியிலிருந்து எழுப்பித் தந்தாள் என்று ஜனங்கள் காலில் விழுந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் நிலத்தை விடாமல் நின்றார்கள். அதனால் நாங்கள் வாய் திறக்கவில்லை. அம்மன் சன்னதியில் அண்ணியாருக்கு மறுபடியும் தாலி கட்டிவிட்டு வந்தவர், "எனக்கே காரியம் பண்ணியாமே. வடையாவது நல்லா இருந்துச்சாடா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பின் அவருக்குக் காய்ச்சல் கண்டாலே, நான் செய்த கருமாதிதான் அவரைத் தேடி வருகிறதென்று கோயிலுக்கு ஓடுவேன். நாற்பது ஆண்டுகள் ஓடினேன்.

கதை கூத்தில் ஏறியது. துப்பாக்கிக் குண்டெல்லாம் அவர் மேல் பட்டுப் பூவானதாகப் பாடுவார்கள். அண்ணார் பாதியில் எழுந்து போய்விடுவார். படுக்கையில் விழுந்த கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூட்டைக்குப் பின்னால நடுங்கிக்கினு கெடந்தேன்டா. எலி ஓடினாலும் போலீசுன்னு நெனப்பேன். அதயும் சொல்லிடு. பயப்படாதவன்தான் முன்னால போவணும்னு நெனச்சா எவனும் போவமாட்டான்."

இப்போது ஏரிக்கரையில் அவருக்குக் கல் நட்டு, செத்துப் பிழைத்தவர் என்று பொங்கல் வைக்க ஏற்பாடு நடக்கிறது. இதைப் படித்தால் ஊர் என்னைத் தள்ளிவைக்குமோ, அம்மன் பேரில் வளரவிட்ட பொய் என் பிள்ளைகளைத் தொடுமோ என்று இந்த வரியை எழுதும்போதும் அஞ்சுகிறேன். அண்ணியாரிடம் படித்துக் காட்டினேன். "போட்டுடு தம்பி" என்றார்.

தம் உயிருக்கும் ஆபத்தென்று தெரிந்தே சோறு போட்டுக் காத்த பாய் குடும்பத்தாருக்கும், கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் அண்ணாரைத் தூக்கி உட்காரவைத்த அண்டை வீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

படிக்கும் சொந்தங்களே, இதைப் பிறருக்குச் சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அண்ணார் நடுங்கியதையும் அண்ணியார் தாலியைக் கழற்றிக் கொடுத்ததையும் நான் எழுதியபடியே சொல்லுங்கள்.