பார்த்தால் எரிகிற விளக்கு

வேனைக் கழுவுவது தங்கையின் வேலை. சனிக்கிழமை காலையில், பள்ளிப் பிள்ளைகள் விட்டுப்போன மிட்டாய்த் தாள், பென்சில் துண்டு, ஒற்றைச் சாக்ஸ் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, சீட்டு நனையாமல் இருக்கக் கதவுகளை இறுகச் சாத்தி, குழாயைப் பிடிப்பாள். வேனை ஓட்டுவது அவள் புருஷன். அவனைக் கழுவச் சொன்னால் தன் முகம் தெரிகிற இடத்தை மட்டும்தான் கழுவுவான் என்பது அவள் புகார்.

அன்று அவள் அண்ணனும் வந்து வாசலில் குந்தியிருந்தார். அந்த வட்டாரத்தில் வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவர் அவர்தான். ஒரு பல்பு, இரண்டு வயர், ஒரு ஊசி, ஒரு கிளிப். இந்த டெஸ்ட் லேம்ப் எப்போதும் கழுத்தில் தொங்கும் என்பதால் எல்லாருக்கும் அவர் 'டெஸ்டர்'. “கல்யாண போட்டோவுல மட்டும்தான் இந்தக் கழுத்து காலியா இருக்கு” என்பாள் அவர் மனைவி.

ஒரேயடியாக அணைந்துபோன விளக்கென்றால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். “ஒண்ணு பல்பு போயிருக்கும், இல்ல ஃபியூஸ் போயிருக்கும். அதுல என்ன இருக்கு? வந்து வந்து போகுது பாரு, அதுதான் வேலை.” அப்படி ஒன்று மாட்டினால் கேள்விமேல் கேள்வி: மழையிலா, வெயிலிலா? திரும்பும்போதா, குலுங்கும்போதா? ஹாரன் அடித்தால் மட்டும் மங்கிய ஒரு லாரியின் முன்விளக்குக்காக இரண்டு நாள் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். கடைசியில், துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்கடியில் இருந்த எர்த் வயர்தான் காரணம். 

அப்படிப்பட்டவர்தான் தங்கை புருஷனை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்.

“மச்சான், பிரேக் போட்டா லைட் எரியலன்னு பின்னாடி வர்றவன் கத்தறான்” என்று அவன் வந்தான். பார்த்தார், எரிந்தது. பத்து நாளில் மறுபடி வந்தான். மறுபடியும் எரிந்தது. “லூஸ் கனெக்‌ஷன் உன் கண்ணுலதான் மாப்பிள்ளை” என்று சிரித்து அனுப்பிவிட்டார். போன புதன்கிழமை, திரும்புமுனையில் ஒரு லாரி வேனின் பின்பக்கம் வந்து இடித்தது. பம்பர் நெளிந்ததோடு போயிற்று, பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து விளக்கம் சொல்லும்படி பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வண்டியைக் கவனிக்காத ஆளிடம் பிள்ளைகளை அனுப்ப முடியாதாம்.

“மிதி மாப்பிள்ளை” என்றார் டெஸ்டர். அவன் உள்ளே உட்கார்ந்து மிதித்தான். பின்னால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவள், “எரியலையேண்ணே!” என்றாள்.

எழுந்து ஓடிவந்தார். எரியவில்லைதான். பல்பைப் பார்க்கப் பின்கதவைத் திறந்தார். உடனே இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

“உன்னைப் பார்த்தா பயப்படுது போல” என்றாள் தங்கை.

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார், அணைந்தது. திறந்தார், எரிந்தது. மறுபடி சாத்தினார். அந்த வேனுக்கு பிரேக் விளக்குகள் இரண்டும் பின்கதவிலேயே இருந்தன. பல்பைத் தொட வேண்டுமென்றால் கதவைத் திறந்தாக வேண்டும். இரண்டு தடவையும் திறந்து வைத்துக்கொண்டேதான் பார்த்திருந்தார். ரோட்டில் எந்த வேன் கதவைத் திறந்துகொண்டு போகிறது?

கீல் பக்கத்தில் கதவுக்குப் போகிற வயரை மூடியிருந்த ரப்பர் உறையை உருவினார். வயரின் மேல்தோல் அப்படியே இருந்தது. விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் தொளதொளவென்று மடங்கியது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. கதவு திறந்தால் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும், சாத்தினால் விலகும். வண்டி குலுங்கினால் அதன் இஷ்டம்.

“அடத் திருட்டுப்பயலே! இங்கயா இருக்கே?” அவர் முகமெல்லாம் பல்.

“சந்தோஷமாண்ணே?” என்றாள் தங்கை. குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.

புது வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு இணைத்தார். கதவை இருபது தடவை சாத்தித் திறந்து பார்த்தபின் அவரும் மாப்பிள்ளையும் உள்ளே வந்தார்கள்.

“லெட்டரைக் குடுக்கும்போதே, வண்டிய எங்கயும் காட்டலையான்னு ஸ்கூல்ல கேட்டாங்களாம்” என்றாள் தங்கை, துண்டை அண்ணனிடம் நீட்டி. “இவரு வாயே திறக்கல.”

“ஏன் மாப்பிள்ளை? என்கிட்ட காட்டினேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். “அவங்களோட மத்த நாலு வேனும் உங்ககிட்டதானே வருது மச்சான்.”

டெஸ்டர் கையைத் துடைத்தார். துடைத்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினார்: ‘ஓட்டுநர் இரண்டு முறை வந்து சொன்னார். இரண்டு முறையும் கதவைத் திறந்து வைத்தே சோதித்தேன். கவனிக்காதது நான்.’ கீழே கையெழுத்துப் போட்டார்.

“திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு வந்துடறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்.”

“வேணாம் மச்சான்.”

“நீ சும்மா இரு.”

தாளை எட்டிப் பார்த்த தங்கை, அண்ணன் தன் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டுமென்று புதன்கிழமையிலிருந்து காத்திருந்தவள், இப்போது வெளிறிப்போனாள். “நாலு வேனும் போயிடுமேண்ணே. அண்ணிகிட்ட என்ன சொல்லுவே?”

அவர் புத்தகத்திலிருந்து அந்தத் தாளை மட்டும் கிழித்தெடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். துண்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு வெளியே போனார்.