செவ்வாய்க்கிழமையும் எடை மெஷினும்

கிராம நர்ஸ் வேலையில் கர்ப்பிணியின் எடையைக் குறித்துக்கொள்வது சுலபம். அது ஏன் ஏறவில்லை, ஏன் இப்படி ஏறியது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த வேலை பார்த்தவர்களுக்கும், அந்த மெஷினில் பயந்து பயந்து ஏறியவர்களுக்கும் நான் சொல்வது புரியும். இப்போது எனக்குத் திருவண்ணாமலையில் ஆபீஸ் வேலை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையானால், பரிசோதனைக்கு வந்து நிற்கும் கர்ப்பிணிகளின் அந்த வரிசை கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

ரெண்டு கிலோ

கீழ்பென்னாத்தூர் பக்கம் செல்வி என்று ஒரு பெண். காய்கறிக் கடைக்காரர் வீட்டு மருமகள். ஆறு மாதமாகியும் எடை ஏறவில்லை. திட்டி அனுப்பினேன். அடுத்த முறை சரியாக ரெண்டு கிலோ கூடியிருந்தது. சந்தோஷமாக எழுதப் போனேன். அவள் இறங்கும்போது புடவைக் கொசுவத்திலிருந்து கடைப் படிக்கல் ஒன்று ‘டங்’கென்று விழுந்தது.

செல்வி அழுதுவிட்டாள். குழந்தை பெரிதானால் ஆபரேஷன் ஆகிவிடும் என்று மாமியார் அரை வயிறுதான் சாப்பிட விட்டாராம். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனேன். மாமியார் கெட்டவர் இல்லை. மூத்த மகளைப் பிரசவ ஆபரேஷனில் பறிகொடுத்தவர். அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் முட்டை, கீரை, வேர்க்கடலை என்று பேச்சை எடுத்தேன். அடுத்த மாதம் அவரே மருமகளைக் கூட்டி வந்தார். எடை நிஜமாகவே ஏறியிருந்தது.

“படிக்கல்லையெல்லாம் எண்ணி வெச்சிட்டுதான் கூட்டியாந்தேன் நர்ஸம்மா. இது அவ சொந்த எடை!”

ஆட்டோ நின்ற நேரம்

செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டும் குமாரின் மனைவிக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பிட்டதும் நடக்கச் சொன்னார் டாக்டர். வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடக்க அவளுக்கு வெட்கம். குமார் தினமும் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுக் கூடவே நடந்தார். அவள் சாப்பிட்ட அளவுதான் தனக்கும் என்றார். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அன்று அவரும் மெஷினில் ஏறிப் பார்த்தார்.

“நாலு கிலோ கம்மி ஆயிட்டேன் சிஸ்டர். இனிமே ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் சாப்பிடணும்!”

என் முறை

என் மகள் வயிற்றிலிருந்தபோது எட்டாம் மாதம்வரை வேலைக்குப் போனேன். என்னை நானே பரிசோதித்துக்கொள்ள நேரமில்லை. வரிசையில் நின்ற லட்சுமி என் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து மெஷினில் ஏற்றினாள். ஒரே மாதத்தில் நாலு கிலோ. பிரஷரும் எகிறியிருந்தது. அங்கிருந்தே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தோம். அன்று நான் ஆட்டோவில் ஏறும்போது லட்சுமி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“நாங்க ஒரு வாரம் வரலன்னா வீட்டுக்கே வந்து திட்டுறீங்க. உங்களத் திட்ட யாருங்க இருக்காங்க?”

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவளை, கடைசியில் அந்த ஊர்தான் பார்த்துக்கொண்டது.