எங்கள் அறையில் இருந்த கன்றுக்குட்டி

சென்னையில் ஒருமுறை கடற்கரை, பூங்கா என்று பல இடங்களில் கன்றுக்குட்டிச் சிலைகளை நிறுத்தி வைத்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வெள்ளைக் கன்றை வாங்கி வண்ணம் தீட்டிக் கொடுக்க வேண்டும். சில வாரம் ஜனங்கள் பார்த்த பிறகு அவற்றை ஏலம் விட்டு, வரும் பணத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுப்பார்கள். என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பெயிண்ட் பிரிவில் வேலை. படமும் நன்றாக வரைவார் என்பதால் கன்று அவர் தலையில் விழுந்தது. அங்கே வைத்து வரைய இடமில்லை. குட்டியானை வண்டியில் ஏற்றி, இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கே கொண்டுவந்துவிட்டார்.

வீட்டுக்கார அம்மா என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம். அவர் வந்து கன்றைச் சுற்றிப் பார்த்தார்.

"மாடு வூட்டுக்கு வர்றது நல்லதுதாம்மா. செவுத்துல மட்டும் பெயிண்ட் படாம பாத்துக்கோ," என்றார்.

எங்களுடையது காதல் கல்யாணம். அவருக்குக் குன்றத்தூர்ப் பக்கம், எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். நான் செல்போன் கம்பெனியில் காலை ஷிஃப்ட், அவர் மாலை ஷிஃப்ட். நான் பஸ் ஏறும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நான் திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். அந்தக் கோடையில் எனக்கு மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்திருந்தது. ஊரிலிருந்து அம்மா வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லீவு முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓ.டி. பார்த்தார். இவருக்கு ஒன்றுமே இல்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன். நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

கன்று வந்ததும் ஓ.டி.யை விட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விலாவில் செம்பரம்பாக்கம் ஏரியைப் பென்சிலால் வரைந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று சாயங்காலம், தண்ணீருக்கு நீலம் அடித்து வைக்க முடியுமா என்று போனில் கேட்டிருந்தார். அடித்தேன். மறுநாள் வந்து பார்த்தால் நான் அடித்த நீலத்தின்மேல் நாரைகள் நின்றிருந்தன. நான் கரையில் புல் வரைந்தேன். அவர் அதில் ஒரு சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், இன்று என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை கடைக்குப் போய்விட்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கன்றின் காதுக்குள் ரோஸ் நிறம் தீட்டிக்கொண்டிருந்தார். யாரிடமோ போனில் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"உனுக்குப் பேருகூட யோசிச்சி வெச்சிருந்தேன்," என்று கன்றிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்கம்மாகிட்டகூட சொல்லல."

தக்காளிப் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். பை சரசரத்த சத்தம் கேட்டுத் திரும்பியவர், பிரஷ்ஷைக் கீழே வைக்கவும் மறந்து என்னைப் பார்த்தார்.

"என்ன பேரு வச்சிருந்திய?" என்று கேட்டேன்.

சொன்னார். பெண் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீயே அழுதுகினு இருந்த. நானும் அழுதா யார் உன்னப் பாத்துக்கறது?" என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று சமையல் நடக்கவில்லை. வீட்டுக்கார அம்மா கொடுத்தனுப்பிய குழம்பைச் சாயங்காலமாகச் சாப்பிட்டோம்.

கன்றை எடுத்துப் போனபின் அறை பெரிதாகத் தெரிந்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அடுத்த லீவு நாளில் பஸ் மாறி மாறிப் போனோம். ஒரு சின்னப் பெண் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றது. அதன் அம்மா எங்களிடம் போனை நீட்டி ஒரு படம் எடுக்கச் சொன்னார். இவர்தான் எடுத்தார். இது நாங்கள் வரைந்தது என்று நான் சொல்லிவிட்டேன். அந்த அம்மா நம்பாமல் சிரித்தார். பிறகு ஏரியைக் காட்டி எந்த ஊர் என்று கேட்டார். இவர் கூச்சத்தோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

கிளம்பும்போது, மற்ற கன்றுகள் எங்கெங்கே நிற்கின்றன என்று இவரே அங்கிருந்தவரிடம் விசாரித்தார். அன்று இன்னும் மூன்றைப் பார்த்தோம். அதில் ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைந்தது. ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் இருந்தது. அதைப் பார்த்து இவர் சிரிக்க ஆரம்பித்து, எனக்கும் தொற்றிக்கொண்டு, வந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.