டபோரி கிரகத்துக்காரி

என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. கல்யாணமான புதிதில் என் மாமியார் அதில் பட்டுப்புடவை இருக்கும் என்று ஆசையாகத் திறந்து பார்த்தார். "என்னட்டி இது, பூராவும் பொம்மப் புஸ்தகமால்லா இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்குச் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். ஆமாம், பொம்மைப் புத்தகம்தான். அதற்கென்ன? சிலருக்குச் சாமி, சிலருக்குக் கிரிக்கெட். எனக்கு 'ஒன்பதாம் கலம்'.

அது ஏதோ வெளிநாட்டுக் காமிக்ஸ். தமிழில் பெயர்த்து மாதா மாதம் போட்டார்கள். ஒன்பதாம் கலம் என்பது விண்வெளியில் போகிற ஒரு கப்பல். அதன் தளபதி கஞ்சி போட்ட மாதிரி விறைப்பான சட்டையோடு கிரகம் கிரகமாக இறங்கி எல்லோருக்கும் நியாயம் சொல்லிவிட்டு வருவார். பம்பாயில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பத்திரிகை விற்கிற ஒரு கடையில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். ஊரிலிருந்து வருகிற ரயில் தாமதமானால் புத்தகமும் தாமதம். அப்பா ஒவ்வொரு மாதமும் வேலை முடிந்து திரும்பும்போது மறக்காமல் அந்தக் கடையைப் பார்த்துவிட்டு வருவார். வெறுங்கையோடு வந்தால் நானும் தம்பியும் அவரிடம் அன்றைக்குப் பேச மாட்டோம்.

எங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. இரண்டு பேரும் இந்திப் பள்ளிக்கூடம். அம்மாதான் அடுப்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கதை சூடாகும் நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிடும். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தளபதி மலை உச்சியில் தொங்கிக்கொண்டு இருப்பார். எத்தனை நாளைக்கு அவரைத் தொங்கவிடுவது? பொறுக்க முடியாமல்தான் நான் எழுத்து கற்றுக்கொண்டேன். தம்பியும் எனக்குப் போட்டியாகக் கற்றுக்கொண்டான். இன்றைக்கு எங்கள் தெருவில் ஊரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால் இளசுகள் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். அந்தப் பெருமையெல்லாம் தளபதிக்குப் போக வேண்டியது.

அப்படி வாசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த இதழ் வந்தது.

தளபதியின் கப்பல் பழுதாகி ஒரு கிரகத்தில் விழுகிறது. அங்கே பெரிய பெரிய கிரகத்துக்காரர்கள் எல்லாம் உடைந்த எந்திரங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அந்தக் குப்பைக்கு நடுவில், ஒருவர் நடந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், தகர அறைகளில் ஜனங்கள் வாழ்கிறார்கள். அடுத்தவன் தூக்கிப் போட்டதைப் பிரித்து, தட்டி, ஒட்டி, பறக்கிற கப்பலே செய்கிறார்கள். தளபதியின் படித்த பொறியாளர்கள் கையை விரித்த பிறகு ஒற்றைக் கண் உள்ள ஒரு மெக்கானிக் அம்மா வந்து கப்பலைக் கிளப்பிக் கொடுக்கிறாள். அந்தக் கிரகத்தின் பெயர் டபோரி.

இப்போது தமிழ் எழுத்தின் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு 'ப' ஒன்றுதான். 'டபோரி' என்று எழுதினால் ஊரில் இருப்பவர்கள் நடு எழுத்தை 'சபை'யில் வருகிற மாதிரி மெலிதாகத்தான் வாசிப்பார்கள். அம்மாவும் அப்படித்தான் வாசித்தாள். இந்தியில் படித்த எங்களுக்கு அப்படியா தோன்றும்? 'ப'வை 'பல்' என்கிற மாதிரி அழுத்தி வாசித்தால் அது பம்பாய்க்காரர்கள் தினம் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை. தெருமுனையில் காலரைத் தூக்கிவிட்டு நின்று, போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுக்கிற பயல் டபோரி.

"ஏக்கா!" என்று தம்பி துள்ளினான். "டபோரி கிரகம்! இது நம்ம தாராவிக்கா!"

எனக்கும் சந்தேகமே வரவில்லை. குப்பை, தகரம், சந்து, தட்டி ஒட்டுகிற வேலை, பெயர் வேறு டபோரி. வெளிநாட்டுக் கதை என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது; தமிழ்நாட்டில் யாரோ எங்களைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டோம். எங்கள் சந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்தி போனது. அந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திரிந்தோம். மெக்கானிக் அம்மா நான்தான் என்று சொல்லி இரண்டு பேரை அடித்தும் இருக்கிறேன்.

இதைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் வீடு எங்கே என்று கேட்டால் எங்கள் ஆட்கள் பக்கத்து இடத்தைச் சொல்லி, சயான் என்பார்கள், மாட்டுங்கா என்பார்கள். தாராவி என்று வாயில் வராது. சொன்னால் கேட்கிறவர் முகம் சுருங்கும். வேலை கிடைக்கிற இடத்தில் கிடைக்காமல் போகும். எனக்கு மட்டும் அந்தக் கூச்சம் வரவே இல்லை. கல்லூரியில் கேட்டார்கள், தாராவி என்றேன். ஐரோலியில் இப்போது நான் ஸ்டோர்ஸ் கணக்குப் பார்க்கிற கம்பெனியில் இன்டர்வியூவில் கேட்டார்கள், நிமிர்ந்து உட்கார்ந்து தாராவி என்றேன். மனசுக்குள் ஒற்றைக் கண் மெக்கானிக் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் தளபதியிடம் சொல்வாள்: "தூக்கிப் போட்டது நீங்கள். பறக்க வைத்தது நாங்கள்."

ஒரு மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிவிட்டது. நான் முதலில் தகரப் பெட்டியைத்தான் பரணில் ஏற்றினேன். "அரிசி நனையுது, இவ பொம்மைய ஏத்துதா! கோட்டி பிடிச்ச மூதி!" என்று அம்மா வைத வசவு நாலு வீட்டுக்குக் கேட்டது. அரிசி போனால் கடையில் அரிசி இருக்கிறது. டபோரி போனால் எங்கே போய் வாங்குவது?

போன வருடம் அந்தக் காமிக்ஸை முழுசாகக் கெட்டி அட்டை போட்டு, வண்ணத்தில் மறுபடி கொண்டுவரப் போகிறார்கள் என்று ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நான் குதித்த குதியில் என் வீட்டுக்காரர், "ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில அதான் கெடக்கு. இனி கட்டிலுக்கு மேலயும் அதான். நான் வெளிய படுத்துக்கிடுதேன்" என்றார். படுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஒரு மாதம் கழித்து மாதிரிப் பக்கம் ஒன்றைக் குழுவில் போட்டார்கள். கப்பல் விழுகிற அதே பக்கம். வண்ணம் அப்படியே கண்ணைப் பறித்தது. மேலே தலைப்பைப் பார்த்தேன். 'டெபோரியா கிரகத்தில் ஆபத்து' என்று இருந்தது. கீழே ஒரு குறிப்பு. பழைய பதிப்பில் பெயர் பிழையாக வந்துவிட்டதாம். இப்போது மூலத்தில் உள்ளபடி திருத்திவிட்டார்களாம்.

கோவண்டியில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தம்பிக்கு உடனே போன் போட்டேன்.

"பாத்தேன்க்கா," என்றான். குரலே இறங்கியிருந்தது. "சவத்த விடு. ரெண்டு எழுத்துக்கா சண்ட போடப் போற?"

"எலே, ரெண்டு எழுத்தா அது? அது நம்ம பேருலே!"

"நம்ம பேருன்னு நாமதானக்கா நெனச்சோம். அவிய எங்க நெனச்சாவ?"

அதுதான் உறைத்தது. யாரும் எங்களைப் பார்த்து எழுதவில்லை. யாரோ அச்சுக் கோத்தவர் கை தவறியிருக்கிறது. அந்தத் தவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறேன். இனி வாசிக்கப்போகிற யாருக்கும் அது வெறும் டெபோரியா.

அந்தப் புத்தகத்தின் பதிப்பாசிரியர் மும்பைக்கு வந்து வாசகர்களைச் சந்திக்கிறார் என்று சொன்னார்கள். மாட்டுங்காவில் பாட்டு வகுப்பு நடக்கிற ஒரு மாடி அறை. தம்பியைக் கடையை அடைக்கச் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வங்கியிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பதிப்பாசிரியர் என் வயதுக்காரர்தான். மெல்லப் பேசினார், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"டபோரிய எதுக்குங்க மாத்துனிய?"

அவர் சிரித்தார். "அது பழைய பதிப்புல நடந்த தப்பும்மா. இப்ப உரிமை வச்சிருக்கிறவங்க ஒவ்வொரு பேரையும் சரிபார்க்கிறாங்க. ஒப்பந்தத்துலயே இருக்கு. கிரகத்துப் பேர்ல எங்களால கை வைக்க முடியாது."

தப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. தம்பி என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். தட்டிவிட்டேன்.

"நீங்க தப்புன்னு சொல்லுதிய. நாங்க அத வச்சுல்லா வளந்தோம்! நான் தாராவிக்காரி. பம்பாயில டபோரின்னா என்னன்னு இங்க யாரையாவது கேளுங்க. எங்களப் பாத்து அந்தப் பேரச் சொல்லுவாங்க, நாங்க தலையக் குனிஞ்சுட்டுப் போவோம். உங்க புஸ்தகத்துலதான் டபோரிக்காரி கப்பலு செஞ்சா! வெளிய இருக்கவன் எங்க ஊர என்னென்ன பேரு சொல்லுதான் தெரியுமா? ஆசியாவுலயே பெரிய சேரிம்பான், டூர் கூட்டிட்டு வந்து காட்டுவான். உள்ள இருக்கவனுக்கு அது ஊரு. டெபோரியா வெளிய இருக்கவன் வச்ச பேரு. டபோரி உள்ள இருக்கவன் வச்ச பேரு. அத எடுத்துட்டியள்னா அந்த அம்மா வெறும் படமாத்தான் நிப்பா."

போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன். அப்போது முன்வரிசையில் இருந்த வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மெதுவாகத் திரும்பினார். "எங்காத்துல அந்த வார்த்தையச் சொன்னா வாய்லயே போடுவா. அதனால அம்மா முன்னாடி மெலிசா வாசிப்பேன். கட்டிலுக்கு அடியில படுத்துண்டு அழுத்தி வாசிப்பேன்," என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாட்டுங்காவிலும் அப்படித்தான் வாசித்திருக்கிறார்கள்! அதுவரை நாங்கள் மட்டும்தான் என்று இருந்தேன். பதிப்பாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பார்க்கிறேன்மா" என்றார்.

பார்க்கிறேன் என்றால் நம் ஊரில் இல்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? படி இறங்கும்போது அழுகை வந்துவிட்டது. கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறாள், காமிக்ஸுக்கு நடுத்தெருவில் நின்று அழுதேன். வெட்கப்படவில்லை. தம்பி ஒரு காபி வாங்கிக் கொடுத்தான்.

புத்தகம் கூரியரில் வந்தது. ராத்திரி பிரிக்கத் தைரியம் வரவில்லை. காலையில் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தானேயில் ஐரோலி வண்டி மாறி, லேடீஸ் பெட்டியில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்த பிறகுதான் பிரித்தேன். நேராக அந்தக் கதைக்குப் போனேன். தலைப்பில் டெபோரியா. வரைபடத்தில் டெபோரியா. தளபதி வாயிலும் டெபோரியா. சரி, அவ்வளவுதான் என்று பக்கத்தைத் திருப்பினேன்.

கப்பல் கவிழ்ந்து கிடக்கிறது. ஒற்றைக் கண் மெக்கானிக் அம்மா கையில் ஸ்பேனரோடு வந்து நிற்கிறாள். தளபதி கேட்கிறார், "இதுதானே டெபோரியா?"

அவள் பதில் சொல்கிற கட்டத்தை வாசித்தேன். மறுபடி வாசித்தேன். அப்படியே தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, கேளு. அந்த அம்மா சொல்லுதா. 'உங்க வரைபடத்துல அப்படித்தான் போட்டிருக்கும். இங்க பொறந்தவங்க இத டபோரின்னு சொல்லுவோம்.'"

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

"இன்னொரு வாட்டி வாசிக்கா," என்றான். "ஸ்பீக்கர்ல போடுதேன். கடையில எல்லாரும் கேக்கட்டும்."

பெட்டியில் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று வாசித்தேன்.