எழுந்திருக்காதவளுக்குக் கொடுத்த பரிசு

தையல் ஆலையில் எல்லோருக்கும் அவள் காலரக்காதான். சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக ஒரே வரிசை, ஒரே மிஷின், சாய்மானம் இல்லாத ஒரே ஸ்டூல். காலர் கோணிவிட்டதென்று அவள் தைத்த சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவளைத்தான் ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். ‘வீட்டு வேலையால் எனக்கு முதுகுவலி வந்துவிட்டது. உட்கார்ந்து தைக்க முடியவில்லை. என் சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்.’ எழுதியதெல்லாம் அவர்கள், விருப்பம் மட்டும் அவளுடையதாம்! டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். சனிக்கிழமை வரை தவணை கொடுத்தார்கள்.

வலி பொய்யில்லை. எட்டு மாதமாக இடுப்புக்கு மேலே கல்லைக் கட்டி வைத்த மாதிரி ஒரு கனம். ஆரம்பத்திலேயே எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்படிச் சொன்ன வாயோடு ஒரு பெல்ட்டை இடுப்பில் மாட்டி, வலிக்கு மாத்திரையும் எழுதினார்.

“டாக்டர், வயிறும் உப்பிக்கிட்டே இருக்கு...”

“அதுக்கு வயித்து டாக்டர்கிட்ட போங்கம்மா. நான் எலும்பு.”

வயிற்று டாக்டர் பேதி மாத்திரை கொடுத்தார். முதுகு என்று இவள் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தி, அது எலும்பு டாக்டர் சமாச்சாரம் என்றுவிட்டார். முன்பக்கம் ஒருவருக்கு, பின்பக்கம் ஒருவருக்கு என்று உயிருள்ள ஒரு பொம்பளையைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள் இரண்டு படித்த மனிதர்கள். நடுவில் இருந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

“தண்ணி குடி, தண்ணி குடின்னு தொண்டை கிழியக் கத்துறேன். காதுல போட்டுக்கிறியா?”

“குடிச்சா போகணுமே.”

“போயேன். யாரு வேணாங்கிறா?”

“ஆலையில எங்க போறது? உங்க வேனுக்குப் பின்னால வந்து ஒதுங்கவா?”



வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா. பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, படுக்க வைத்து, அடிவயிற்றின் இடப்பக்கம் அழுத்திப் பார்த்தார். இவள் ‘ஸ்’ என்று முகத்தைச் சுளித்தாள். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார், முழங்காலைத் தட்டினார், பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வெளிக்குப் போயி எத்தனை நாளாச்சு?”

“அஞ்சு.”

“வலி எப்பவாவது குறையுதா?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் லேசா இருக்கும்.”

“அதென்ன ஞாயித்துக்கிழமை?”

“அன்னைக்கு லீவு. போகலாமில்ல?”

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. “மத்த நாள்ல போகக் கூடாதா?”

“வேலைக்கு ஓடுற அவசரத்துல வீட்டுல வராதும்மா. ஆலையில போகணும்னா டோக்கன் வேணும்.”

நாற்பது பெண்களுக்கு இரண்டு டோக்கன். சூப்பர்வைசர் மேஜையில் ஆணியில் தொங்கும் இரண்டு மரத்துண்டுகள். எடுக்கிறவள் அங்கிருக்கும் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் சூப்பர்வைசர் வரிசைக்கே கேட்கிற மாதிரி, “என்னம்மா, அங்கயே குடித்தனமா?” என்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஆணியைக் காப்பதுதான் அவருக்கு உத்தியோகம். வருடக் கடைசியில் டோக்கனைத் தொடாதவளை மேடையேற்றிப் பரிசும் கொடுப்பார்கள். மூன்று வருடமாகத் தொடர்ந்து காலரக்காவுக்குத்தான் அந்தப் பரிசு.

என்ன பரிசு தெரியுமா? தண்ணீர் பாட்டில். தண்ணீர் குடிக்காமல் கிடந்ததற்குத் தண்ணீர் பாட்டில்! இதைக் கொடுத்தவனுக்கு வெட்கம் வேண்டாமா?

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “எல்லா முதுகுவலியும் வயித்தால வர்றதில்லம்மா. ஆனா உங்களுக்கு எலும்பு, நரம்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தண்ணி குடிக்காம, வர்றப்ப அடக்கி அடக்கி, மலம் குடல்ல இறுகிக் கிடக்குது. குடல் பெருத்து அழுத்துறதுதான் உங்களுக்கு முதுகுல வலியாத் தெரியுது. நீங்க சாப்பிட்ட வலி மாத்திரை வேற மலத்தை இன்னும் இறுக்கும். மருந்து தர்றேன். ஆனா தண்ணி குடிச்சு, வந்த உடனே போனாத்தான் இது தீரும்.” முதுகெலும்பில் கோளாறில்லை, வேலை நேரத்தில் தண்ணீரும் கழிப்பறையும் தடையில்லாமல் கிடைத்தால் உட்கார்ந்து தைக்கலாம் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது காலரக்காவுக்கு முதலில் தன்மேலேயேதான் ஆத்திரம் வந்தது. மேடையில் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றது நினைவுக்கு வந்தது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் அன்று அடக்கிக்கொண்டுதான் கைதட்டியிருப்பார்கள். அதை நினைத்தபோது ஆத்திரம் இடம் மாறிவிட்டது.

சனிக்கிழமை மூன்று பாட்டிலையும் நிரப்பி எடுத்துப் போனாள். ஒன்று தன் மிஷின்மேல். மற்ற இரண்டும் பக்கத்தில் சட்டைக்குக் கை தைக்கிறவளுக்கும் பட்டன் வைக்கிறவளுக்கும். “குடிங்கடி” என்றாள், அவ்வளவுதான். பத்து மணிக்கு எழுந்து போய் டோக்கனை எடுத்தாள். சூப்பர்வைசருக்குப் புருவம் ஏறியது. பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் போய் நின்றாள்.

“என்ன காலரக்கா, காலையிலதான போனீங்க?”

“நீங்க காலையில இருந்து நாலு தடவை போயிட்டு வந்துட்டீங்க. உங்க டோக்கன் எங்க சார்?”

வரிசையில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சூப்பர்வைசர் ஆபீஸுக்கு ஓடினார்.

ஆபீஸ்காரர் அவளைக் கூப்பிட்டு, அதே தாளை எடுத்து வைத்தார். அவள் அதன்மேல் டாக்டரம்மாவின் கடிதத்தை வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். தாள் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. கடிதத்தை மட்டும் அவரால் அப்படி உள்ளே தள்ள முடியவில்லை.

“அப்ப கையெழுத்துப் போட மாட்டீங்க?”

“போடுவேன் சார். பதினோரு வருஷமா நான் ஒழுங்காப் போடாத நோட்டு ஒண்ணு இருக்கு, அதுல.”

வெளியே வந்தாள். ஆணியில் ஒரு டோக்கன்கூட இல்லை. கை தைக்கிறவளையும் பட்டன் வைக்கிறவளையும் காணவில்லை. மேஜைமுன் ஏழெட்டுப் பேர் காத்து நின்றார்கள். காலரக்கா நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டோக்கனுக்குக் காத்திருக்காமல் கழிப்பறையைப் பார்த்து நடந்தாள். நின்றவர்களும் ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனார்கள்.