நான்காவது எண்

நவம்பர் 12, 2025. புதன்.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. 'வரிசையை வாசித்தபோது நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்' என்று எழுதியிருக்கிறேன். தவறு. நான் மட்டும்தான் இருந்தேன்.

இது நடந்தது. நம்பாதவர்களோடு சண்டைக்கு வரப்போவதில்லை, ஏனென்றால் நானே என்னைச் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. கேஸை மூடினேனா என்று பாதி மாடிப்படியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து, சரியாகப் பார்த்தேனா என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவள்தான் சொல்கிறேன். நடந்தது.

பகலில் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் பொம்மசந்திராவில் விண்கல இயக்கப் பயிற்சி வகுப்பு. ஸ்ரீராம்புரத்தில் என் தெருவில் யாரும் இதை நம்புவதில்லை. வகுப்பை நடத்துவது ஒரு சின்ன கம்பெனி. ஆள் குறைவு, அதனால் நிஜக் கட்டளைகளையும் வகுப்பில் இருக்கும் நாங்களேதான் அனுப்புவோம். அவர்கள் அனுப்பிய விண்கலத்தின் பெயர் தும்பி. ஃபிரிட்ஜ் அளவுதான் இருக்கும். அது இப்போது ஒரு வால்நட்சத்திரத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கடக்கும்.

எவ்வளவு தூரத்தில் கடக்க வேண்டும் என்பதைத்தான் நேற்று அனுப்ப வேண்டியிருந்தது. ஐந்து எண்கள் கொண்ட ஒரு வரிசை. அதில் நான்காவது எண்தான் தூரம். எட்டு என்றால் எண்ணூறு கிலோமீட்டர். வால்நட்சத்திரத்தைச் சுற்றித் தூசி இருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு மணல் துகள் பட்டாலே துப்பாக்கிக் குண்டு மாதிரி துளைத்துவிடும். எண்ணூறில் தும்பி பிழைக்கும். முன்னூறில் பிழைக்காது.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எண்களை உரக்க வாசிப்பார். எதிர் அறையில் இன்னொருவர் ஹெட்போனில் கேட்டு, தன் பிரதியைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். இதற்கு ரீட்-பேக் என்று பெயர். ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக் கூடாது என்பதால்தான் தனி அறை. பிரதியை அவர் வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார், அறைச் சாவியும் அவரிடமே இருக்கும். அவர் வந்து ஹெட்போனைச் சொருகினால் என் மேசையில் பச்சை விளக்கு எரியும். இரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் என் மேசையில் இருக்கும் அனுப்பும் பொத்தானைத் தொட வேண்டும்.

போன மாதப் பயிற்சியில் நான் எட்டை மூன்று என்று வாசித்துவிட்டேன். என் ரீட்-பேக் ஜோடி சாயிகிருஷ்ணா அன்றிலிருந்து என்னை 'த்ரீ-எய்ட்' என்றுதான் கூப்பிடுகிறான். கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணாடி தேவைப்படுகிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். எங்கள் பொறுப்பாளர் டோரீன் மேடம் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை மாறினால் இந்த மேசையில் உட்கார வைக்க மாட்டேன் என்றார்.

நேற்று மழை. ஏழு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. மேடம் டார்ச்சை எடுத்துக்கொண்டார்.

"நான் கீழ பவர் ரூமுக்குப் போறேன்மா. சாயி வந்ததும் ஆரம்பிச்சுக்கோ. வரிசை ஏழு நாப்பதுக்குள்ள போயிடணும், அப்புறம் தும்பி நம்ம டிஷ் ஆன்டெனாவுக்குக் கிடைக்காது."

7.20. பச்சை விளக்கு எரிந்தது.

சாயி வந்துவிட்டான் என்று நினைத்தேன். வந்ததும் ஏதாவது கிண்டல் செய்வான். செய்யவில்லை. நேரமாகிவிட்டது, அதனால் இருக்கும் என்று வாசிக்க ஆரம்பித்தேன்.

"டூ."

டக்... "டூ."

"செவன்."

டக்... "செவன்."

ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அந்தச் சத்தம். பென்சிலின் பின்முனையால் மேசையைத் தட்டுவது மாதிரி. சாயிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குரல் சாயியுடையது மாதிரித்தான் இருந்தது, சளி பிடித்த சாயி.

"ஸீரோ."

டக்... "ஸீரோ."

"எய்ட்."

டக்... "த்ரீ."

பேய் என்றெல்லாம் தோன்றவில்லை. மறுபடியும் தப்பாக வாசித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். திரையில் விரலை வைத்துப் பார்த்தேன். எட்டு. இரண்டு வட்டமும் மூடியிருந்தன.

முதலிலிருந்து வாசித்தேன். நான்காவதில் மறுபடியும்...

"த்ரீ."

மூன்றாவது தடவை வாசித்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். அவன் மூச்சு விடவில்லை. ஹெட்போனில் எப்போதும் சாயியின் மூச்சுதான் முதலில் கேட்கும். இப்போது எண்களுக்கு நடுவில் எதுவுமே இல்லை. வெளியே பெய்யும் மழைகூட அந்தப் பக்கம் கேட்கவில்லை.

7.28. நான் எட்டைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

டக்... "த்ரீ."

நான் சொல்வதற்கு முன்னாலேயே.

"சாயி, விளையாடாத. டைம் இல்ல."

இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்போது அந்தக் குரல் முதல் தடவையாக எண் இல்லாத ஒன்றைச் சொன்னது. மெதுவாக. கெஞ்சுவது மாதிரி.

"கிட்ட போகட்டும்..."

7.29.

என் மொபைல் அடித்தது.

சாயிகிருஷ்ணா.

"இளா, நான் இன்னும் அத்திபெலேலதான் இருக்கேன். டோல் கிட்ட ஒரு வண்டியும் நகரல. மேடம் கிட்ட நீயே சொல்லிடு, ப்ளீஸ்."

பின்னால் ஹாரன். முன்னால் நகரச் சொல்லிக் கண்டக்டர் கன்னடத்தில் 'முந்தே ஹோகி, முந்தே ஹோகி' என்று கத்திக்கொண்டிருந்தார். மழை. பஸ்ஸுக்குள்தான் இருந்தான். சந்தேகமே இல்லை.

பச்சை விளக்கைப் பார்த்தேன்.

எரிந்துகொண்டிருந்தது.

எழுந்தேன். நடையைத் தாண்டி எதிர் அறைக் கதவுக்குப் போனேன்.

பூட்டு தொங்கியது.

கதவுக்குப் பின்னால்...

டக்.

டக்.

மேடத்துக்கு போன் போட்டேன். கீழே சிக்னல் இல்லை. ஓடிப் போய் அழைத்து வரலாம். வருவதற்குள் ஏழு நாற்பது தாண்டிவிடும். எதுவும் அனுப்பாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோ இருக்கிறது. அதற்குத்தான் உடம்பு முழுக்க ஆசைப்பட்டது.

அப்போதுதான் கோபம் வந்தது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. ஒரு மாதமாக எல்லாரும் என்னிடம் மூன்றா எட்டா என்று கேட்டாயிற்று. இன்றைக்கு நான் சரியாக வாசித்திருக்கிறேன். பூட்டிய அறையிலிருந்து யாரோ வந்து அதைத் தப்பு என்று சொல்வதற்கு நான் விடப்போவதில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து சாயியை மறுபடியும் போனில் கூப்பிட்டேன்.

7.35.

"சாயி, உன் காப்பிய வெளிய எடு."

"பஸ்லயா?"

"பஸ்லதான். நான் வாசிக்கிறேன், நீ திருப்பிச் சொல்லு."

"என்ன ஆச்சு உனக்கு? குரலே சரியில்லையே."

"எடுடா."

இடது காதில் மொபைல். வலது காதில் ஹெட்போன். அதைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. கேட்கட்டும் என்று விட்டேன்.

"டூ." இரண்டு காதிலும், "டூ."

"செவன்."

"ஸீரோ."

7.37.

"எய்ட்."

இடது காதில் சாயி, "எய்ட்."

வலது காதில்...

"த்ரீ."

"எய்ட்," என்றேன் மறுபடியும்.

"எய்ட்னுதான் சொன்னேன் இளா," என்றான் சாயி.

"த்ரீ." இந்தத் தடவை ஹெட்போனில் இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பவில்லை.

"நான் வாசிச்சது எய்ட்," என்றேன். சாயியிடம் சொல்லவில்லை.

"ஒன்."

"ஒன்," என்றான் சாயி.

7.38. அழுத்தினேன்.

பச்சை விளக்கு அணைந்தது.

தும்பிக்குச் செய்தி போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம். பதில் திரும்பி வர இருபத்திரண்டு. அது வேறு நாட்டு டிஷ் வழியாக வரும், 8.20-க்கு மேல்தான் அந்த டிஷ்ஷுக்குத் தும்பி கேட்கும். மேடம் வந்தார், சாயி நனைந்துகொண்டு வந்தான். எதையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். 8.22-க்குத் திரையில் எட்டு வந்தது. வீட்டுக்கு வந்து, இரண்டு பேர் இருந்தோம் என்று எழுதிவிட்டுப் படுத்தேன். அப்படி எழுதினால்தான் தூக்கம் வரும்போல இருந்தது.

இன்று எங்கள் டிஷ்ஷுக்குப் பராமரிப்பு நாள், தும்பியோடு பேச முடியாது. வகுப்புக்குப் போனதும் நானே மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றைய ஒலிப்பதிவைப் போட்டார். என் குரல் மட்டும் இருந்தது. நடுவில் நீளமான அமைதி. ஒவ்வொரு அமைதிக்கும் முன்னால், மெல்லியதாக...

டக்.

மேடம் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார். தும்பியின் கேமராவைச் செய்தவர் ராஜேஷ்குமார். ஆறு வருட வேலை. எதிர் அறை மேசை அவருடையது. முன்னூறில் போனால்தான் நல்ல படம் கிடைக்கும், அப்புறம் உடைந்தால் உடையட்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போடுவார். பென்சிலைத் தட்டித் தட்டித்தான் பேசுவார். ஜூன் மாதம் அந்த மேசையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கடைசிக் கூட்டத்தில் என்ன சொன்னார் என்று நான் கேட்டேன்.

"கிட்ட போகட்டும்னார்மா."

அதுகூடப் பரவாயில்லை.

தும்பி நேற்றிரவு அனுப்பிய முழுப் பதிவு அந்த வேறு நாட்டு டிஷ்ஷிலிருந்து இன்றுதான் வந்தது. நேற்று அது ஒரு வரிசையைப் பெறவில்லை. இரண்டைப் பெற்றிருக்கிறது. என்னுடையது இரண்டாவது. முதலாவது இங்கிருந்து 7.29-க்குக் கிளம்பியிருக்கிறது. நான்காவது எண் மூன்று. அனுப்பும் பொத்தான் என் மேசையில் மட்டும்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் என் இரண்டு கையும் ஹெட்போனில் இருந்தன.

நேற்று நான் வீட்டுக்குப் போயிருந்தால் அந்த மூன்றுதான் நின்றிருக்கும்.

கடைசியாக வரும் எண்ணைத்தான் தும்பி எடுத்துக்கொள்ளும். நாளை மாலை ஏழு நாற்பது வரை மாற்றலாம். அதன் பிறகு ஞாயிறு வரை அது யார் சொல்வதையும் கேட்காது. மேடம் வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நாளை: கடையில் அரை நாள் லீவு சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குள் பொம்மசந்திரா. சாயி எதிர் அறையில் இருக்கிறானா என்று நேரில் பார்த்துவிட்டு உட்கார வேண்டும். வரிசையை 7.39-க்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன்னால் இல்லை. வாசிப்பது நான். நான்காவது எண் எட்டு.