டிபன் பாக்ஸ் மேல் போட்ட பழி

மழை பிடித்ததிலிருந்து என் காருக்குள் ஒரு புளித்த வாடை. சென்ட் பாட்டில் இரண்டு வைத்தும் போகவில்லை. அனுப்பர்பாளையத்திலிருந்து எங்கள் பனியன் கம்பெனிக்குத் தினமும் என்னோடு வருபவர் கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமி. ஒருநாள் பொறுக்க முடியாமல், “உங்க டிபன் பாக்ஸ்தானுங்க நாறுது” என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் பஸ்ஸில் வந்தார். அவர் போயும் வாடை போகவில்லை. ஆனாலும் திரும்பக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, கொட்டுகிற மழையில் பஸ் ஸ்டாப்பில் நின்றவரை வற்புறுத்தி ஏற்றினேன். டிபன் பையை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

காலடியில் சதசதவென்று இருக்கவும், குனிந்து கால்மிதியைத் தூக்கினார். அடியில் கறுத்துப்போன பனியன் துணி வேஸ்ட். முதல் மழையில் தண்ணீர் ஒழுகியபோது, ஈரத்தை உறிஞ்சட்டும் என்று நானே திணித்துவிட்டு மறந்தது.

“ஏனுங்க, இது நம்ம கம்பெனி வேஸ்டுங்களே” என்றார். அவர்தான் முதலில் சிரித்தார்.

வெயில் வந்ததும் நாலு கதவையும் திறந்துபோட்டு, கால்மிதியை உருவிக் காயவைத்தோம். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், மத்தியானம் அவர் டிபனில் பாதியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தக்காளிச் சோறு. இத்தனை நாளும் அந்தக் காரில் நல்ல மணமாக இருந்தது அது ஒன்றுதான்.